வண்டுக்காகப் போட்ட வேலி

ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம் அது. ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஜல்லியை வாரிவிட்டுச் செம்மண் பரப்பி, ஓரத்தில் கொன்றை நட்டு, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பாதை ஆக்கினார்கள். நடக்கிறவர் நடக்கலாம். சைக்கிள் விடலாம். ஆசைப்பட்டால் குதிரை மேலும் போகலாம். மலையை ஒட்டி வளைந்து, ஒரு குகைக்குள் புகுந்து வெளியே வந்து, ஆற்றுப் பாலத்தில் போய் முடியும்.

புண்ணியகோடி தினமும் அந்தப் பாதையில் நடந்தார். உத்தியோகத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்து சேர்ந்த சீடர். காலடியில் ஓர் உயிரும் சாகக் கூடாது என்பது அவர் நோன்பு. நடக்கும்போது குனிந்த தலை நிமிர மாட்டார்.

குரு மங்கையம்மை அவரைவிட வயதில் இளையவர். இருந்தும் அவரை நீ என்றுதான் கூப்பிடுவார். நாலு பேர் எதிரில் அப்படிக் கூப்பிட்டால் புண்ணியகோடிக்கு இன்னும் பிடிக்கும்.

ஒரு நாள் காலை புண்ணியகோடி கேட்டார்.

"அம்மா, யாருக்கும் நோகாமல் நடப்பது எப்படி என்று கேட்டுத்தானே உங்களிடம் வந்தேன்?"

"ஆமாம்."

"இப்போது நடக்கிறேன். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்துவிட்டது. ஓர் எறும்புகூடச் செத்ததில்லை. என் நோன்பு நிறைந்துவிட்டதா?"

"வா, நடந்து பார்ப்போம்" என்றார் குரு.

குகைக்குள் குளுகுளுவென்று இருந்தது. பாறையில் நீர் கசிந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு தம்பதி வந்தார்கள். "என்னா அமைதி, என்னா அமைதி!" என்று கணவர் கத்தினார். குகை அதைத் திருப்பிக் கத்தியது. "மெதுவாப் பேசுங்க, அமைதி கெட்டுடப் போகுது" என்று மனைவி அவரைவிடச் சத்தமாகச் சொன்னார்.

பின்னால் மணி அடித்தது. "லெஃப்ட்ல! லெஃப்ட்ல! தாத்தா லெஃப்ட்ல!" சைக்கிள்கள் பறந்தன. புண்ணியகோடி ஓரம் ஒதுங்கினார், மண்ணைப் பார்த்தபடி.

குகை தாண்டியதும் வெயில். மலை முழுவதும் தெரிந்தது. ஆனால் புண்ணியகோடி காட்டியது தரையை.

"இந்த இடத்தைப் பாருங்கள் அம்மா. முன்பெல்லாம் ஆடுகள் இங்கே குறுக்கே போகும். புழுக்கைக்கு வண்டு வரும். வருகிறவர் போகிறவர் காலில் சிக்கி அத்தனையும் சட்னி. எனக்கு மனசு கேட்கவில்லை. பாதையைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் போய், ஆடுகள் வராமல் செய்யுங்கள் என்றேன். ஒரே வாரத்தில் செய்துவிட்டார்கள்."

"என்ன செய்தார்கள்?"

"அது தெரியாது. புழுக்கை நின்றுவிட்டது. வண்டும் சாகவில்லை."

"தலையை நிமிர்த்து" என்றார் குரு.

பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கம்பிவலை. வந்த வழி நெடுக அப்படித்தான். இடப்பக்கம் வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு ஆடுகள் நின்றன. வலப்பக்கம், வலைக்கு அப்பால், ஒரு குளம். கோடையில் சுருங்கி, நடுவில் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது.

ஆடுகளின் நடுவே ஒரு பெண் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். பெயர் ஒச்சம்மா.

"இங்கே ஏன் நிற்கிறாய் அம்மா?" என்று குரு கேட்டார்.

"தண்ணி வாடை இங்கதான தாயி அடிக்குது. அதுக வந்து நிக்குதுக. நான் அதுககூட நிக்கேன்."

"வேறு வழி இல்லையா?"

"ஆத்துலயும் தண்ணி இல்ல. குளத்துக்குப் பாலத்துக்கு அடியில புகுந்து சுத்தி வரணும். போய்ச் சேர உச்சி வெயில் வந்துரும். பெருசுக நடந்துரும். குட்டிக நடக்காது. போன வாரம் நடுவழியிலேயே ரெண்டு படுத்திருச்சு. எந்திரிக்கல."



"ரயில் ஓடியபோது எப்படிப் போனாய்?" என்றார் குரு.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கேட்டை அடைப்பாக, ரயில் போனதும் திறப்பாக. எப்பவாச்சும் ஒரு ஆடு அடிபடும். இல்லேங்கல. ஆனா ரயிலு போயிரும் தாயி. இவுக போய் முடியவே மாட்டேங்கிறாகளே."

சைக்கிள்கள் திரும்பி வந்தன. "ஐ, ஆடு! போட்டோ எடு, போட்டோ எடு!"

"வேலியை யார் போட்டது?" என்றார் குரு.

"எவனோ ஒரு சாமியாராம். வண்டு சாகுதுன்னு அழுதானாம், வண்டு! அவன் வாயில..." என்று ஆரம்பித்தவள் புண்ணியகோடியின் காவியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களச் சொல்லல சாமி. நீங்க நல்லவுக மாதிரி இருக்கீக. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நாங்க கடக்கிற நேரத்துக்கு மட்டும் திறந்துவிட்டாப் போதும். நாங்க சொன்னா வெரட்டுறாக."

புண்ணியகோடி திரும்பி நடந்தார். முதல் முறையாக வேகமாக நடந்தார். குரு பின்னால் போனார்.

பழைய ஸ்டேஷன்தான் பாதையின் அலுவலகம். டிக்கெட் கொடுத்த ஜன்னலில் இப்போது பழச்சாறு கொடுத்தார்கள். மேலாளர் சின்ன வயதுக்காரர். பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார்.

"ஐயா! வாங்க வாங்க! ஐயாவே நேர்ல!"

"வேலியில் ஒரு கதவு வைக்க வேண்டும். ஆடுகள் குளத்துக்குப் போக."

"ஆடுங்களா ஐயா? ஆடு கஷ்டம் ஐயா."

"குதிரை போகிறதே?"

"அது சவாரி ஐயா."

"ஆடுகளுக்குத் தாகம். குட்டிகள் சாகின்றன."

"த்சு த்சு" என்றார் மேலாளர். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஆனா வர்றவங்க எல்லாரும் ஒரே குரலாச் சொல்றாங்க ஐயா, முன்ன நாத்தம், இப்ப சூப்பர்னு. எல்லாம் ஐயா புண்ணியம்."

"வேலியை நான்தானே போடச் சொன்னேன்?"

"ஐயா பேர்லயே போர்டு வச்சிருக்கோமே!"

வாசலில் பச்சைப் பலகை. 'சிற்றுயிரையும் நேசிப்போம். கால்நடைகளுக்கு அனுமதி இல்லை.' கீழே புண்ணியகோடி அடிகள் என்று கொட்டை எழுத்தில்.

"போடச் சொன்ன நானேதான் எடுக்கவும் சொல்கிறேன்."

மேலாளர் சிரித்தார். "ஐயாவுக்கு இளகின மனசு. டேய், ஐயாவுக்கு ஒரு லெமன்! சக்கரை கம்மியா!"

புண்ணியகோடி மேலும் பேசினார். கெஞ்சினார். குரல் உயர்த்தினார். லெமன் வந்தது. கதவு வராது என்று அவருக்குப் புரிந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்து, வேலியின் மறுபக்கம் முள்ளும் கல்லுமாகக் கிடந்த நிலத்தில் இருவரும் நடந்தார்கள்.

"போடச் சொன்னபோது உடனே கேட்டார்களே அம்மா! இப்போது ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்கள்?"

"அப்போதும் நீ சொன்னதற்காக அவர்கள் கேட்கவில்லை, புண்ணியகோடி" என்றார் குரு. "வேலி போட அவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்காமல் இருந்தது. நீ கொடுத்தாய்."

புண்ணியகோடி நின்றுவிட்டார். பிறகு நடந்தார்.

தூரத்திலிருந்தே ஒச்சம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஹை, ஹை" என்று ஆடுகளைப் பாலத்துப் பக்கம் திருப்பினாள். ஆடுகள் வலையை விட்டு வர மனமில்லாமல் வந்தன. ஒரு குட்டி மட்டும் எழவில்லை. வலை ஓரத்தில் வாயைத் திறந்தபடி கிடந்தது.

"நான் என்ன செய்யட்டும் அம்மா?"

"குட்டியைத் தூக்கு."

தூக்கினார். அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தோளில் போட்டார், நழுவியது. மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இன்றைக்கு மட்டும்தானே அம்மா?"

"வேலி இருக்கிற வரைக்கும்."

புண்ணியகோடி வேலியைப் பார்த்தார். அது மலை வளைவில் போய் மறைந்தது.

ஒச்சம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். காவித்துணிக்குள் குட்டியை இடுக்கிக்கொண்டு வியர்க்க வியர்க்க வருகிறவரைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"உங்கள மாதிரி ஒரு சாமி இங்க இருந்திருந்தா, இந்த வேலியே வந்திருக்காது" என்றாள்.

புண்ணியகோடியின் கால் நின்றது. குருவின் பக்கம் திரும்பினார்.

"சொல்லிவிடட்டுமா அம்மா?"

"சொல்" என்றார் குரு. "குட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொல்லாதே."