உரியாத ரப்பர்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று குணவதிக்கு நெஞ்சு படபடத்தது. ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். நாலு வார்த்தை கோர்வையாக வராது. அதுவும் இதைச் சொன்னால் மாஸ்டர் என்ன நினைப்பாரோ!

மாஸ்டர் என்றால் பிரிசில்லா. தூத்துக்குடி பைபாஸ் ஓரத்தில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட் வைத்திருந்தார். குணவதியைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனால் தொழில் கற்க வந்த இடத்தில் அவர்தான் குரு.

"மாஸ்டர்... அந்த வீலு..."

"என்னக்கா, உடைச்சிட்டீங்களா?"

"ஐயையோ, இல்ல! உரிய மாட்டேங்குது."

வெள்ளி நிற அலாய் வீல்கள் நான்கு. அழகுக்காக மேலே கறுப்பு ரப்பர் பூச்சு அடித்திருந்தது. வேண்டாம் என்றால் வாழைப்பழத் தோல் மாதிரி உரித்துப் போட்டுவிடலாம். அதற்காகத்தான் அந்தப் பூச்சையே வாங்குகிறார்கள். இதுவோ கடுகு கடுகாகப் பிய்ந்தது. காலையிலிருந்து சுரண்டியதில் நகக்கண் வலித்ததுதான் மிச்சம். பிளேடு வைத்தால் கீறல் விழும். பெயின்ட் கரைக்கும் தின்னர் ஊற்றினால் அடியில் இருக்கும் மினுமினுப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். நாளை மறுநாள் காரை விலை பேச ஆள் வருகிறது. ஒரு கீறல் விழுந்தால் வியாபாரம் கெடும். தன்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாஸ்டர் எழுந்து வந்து வீலைத் தடவிப் பார்த்தார். ஸ்ப்ரே கன்னில் அதே கறுப்பு ரப்பர் பூச்சை நிரப்பினார். அந்த வீலின் மேலேயே புஸ்ஸென்று அடிக்கத் தொடங்கினார்.

குணவதிக்கு மூச்சே நின்றுவிட்டது. தப்பாகத்தான் சொல்லித் தொலைத்துவிட்டோம்!

"மாஸ்டர்! எடுக்கணும்... எடுக்கணும்னுதான் சொன்னேன்!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கார்க்காரர் வேதமணி, சட்டையெல்லாம் டீயைக் கொட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏம்மா, கிறுக்குப் பிடிச்சிருக்கா? எடுக்கச் சொன்னா இன்னும் பூசுறீங்க!"

"இதை முதல்ல அடிச்சது யாரு அண்ணாச்சி?"

"நான்தான். டப்பா வாங்கி வீட்ல வச்சு அடிச்சேன்."

"ஏன் இவ்வளவு மெலிசு?"

"வழிஞ்சு அசிங்கமாயிருமோன்னு பயம். லேசா ஒரு ஊது ஊதிட்டு விட்டுட்டேன்."

"கொசு மருந்து மாதிரி."

மாஸ்டர் மறுபடி அடித்தார். காயவிட்டார். அதன்மேல் மறுபடியும் அடித்தார். இன்னும் இரண்டையும் சேர்த்து மூன்று வீல்கள் தார் பூசியதுபோல ஆயின. குணவதிக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாஸ்டர் அந்த மூன்றையும் வெயிலில் வைத்தார். சூடேறியதும் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

பழைய மெலிசும் புதிய கெட்டியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, ஒரே தோலாகக் கழன்று வந்தன. அடியில் வெள்ளி பளீரென்றது. ஒரு கீறல் இல்லை.

"யம்மா!" என்றார் வேதமணி. குணவதி வீலைத் தொட்டாள், கையை எடுத்தாள், மறுபடி தொட்டாள்.

"நாலாவது உங்களுக்குக்கா," என்று மாஸ்டர் கன்னை நீட்டினார்.

"எனக்கா? வேண்டாம் மாஸ்டர், நான் கெடுத்துருவேன்."

"பிடிங்க."

குணவதி வாங்கினாள். விசையைத் தொட்டாள்; உடனே விட்டாள். வீலின் மேல் கறுப்பாக ஒரு புகை படிந்தது, அவ்வளவுதான்.

"நீங்க என்ன, அண்ணாச்சிக்குத் தங்கச்சியா?"

வேதமணியே சிரித்துவிட்டார். குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதிகமா அடிச்சுத் தப்பாப் போயிட்டா மாஸ்டர்?"

"கெட்டியா அடிச்சுத் தப்பாப் போனா, உரிச்சிரலாம்க்கா."

குணவதி மாஸ்டரைப் பார்த்தாள். வீலைப் பார்த்தாள். பிறகு விசையை முழுக்க அழுத்தினாள். விளிம்பு, ஆரக்கால், சந்து பொந்து எல்லாம் கெட்டியாகக் கறுத்து மூடும்வரை விரலை எடுக்கவே இல்லை.