வலி விட்ட கை

திருப்பூரில் வளர்மதியின் அக்குபிரஷர் நிலையத்தைத் தெரியாத பனியன் கம்பெனிக்காரர்கள் குறைவு. வளர்மதிக்கு நாற்பது வயதுகூட இல்லை; ஆனால் எல்லோருக்கும் அவர் டீச்சர். அவரிடம் தொழில் பழகிய தணிகாசலமோ ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தன் கட்டைவிரல் பட்டால் எந்த வலியும் ஓடிவிடும் என்ற நம்பிக்கை அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

ஒரு காலை, டீச்சர் உள்ளே வந்ததும் வராததுமாகத் தணிகாசலம் ஆரம்பித்தார்.

"டீச்சர், வலியைப் போக்க நம்ம கையே போதுமே. வர்றவங்களை எதுக்கு டாக்டர்கிட்டயும் போகச் சொல்றீங்க?"

"யாருக்குண்ணா வலி போச்சு?"

"நம்ம ருக்குமணிக்குத்தானுங்க!"

ருக்குமணி ஓவர்லாக் மெஷினில் தைப்பவள். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், ராத்திரியெல்லாம் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுகிறது, கார்பல் டனல் என்று சொன்ன டாக்டர், பட்டை கட்டிக்கொள்ளச் சொன்னார். அதற்கும் கேட்காவிட்டால் சின்னதாக ஓர் ஆபரேஷன் என்றார். டீச்சர் பட்டையைக் கழற்றவிடாமலே, மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரல் மேலே அழுத்திவிட்டு வந்தார். எரிச்சல் குறைந்து தூக்கம் வந்தது. அதன்பிறகு அந்த வேலையைத் தணிகாசலத்திடம் விட்டிருந்தார்.

"சுத்தமா வலி இல்லைங்கிறா. அதான், பட்டையை வீசிட்டு நிம்மதியா இரு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டாம்னுட்டேன்."

டீச்சரின் முகம் மாறியது. "அவளை வரச் சொல்லுங்க. இப்பவே."

ருக்குமணி சிரித்துக்கொண்டே வந்தாள். "அண்ணன் கைராசிக்காரருங்க டீச்சர். ஒரு வலி இல்ல, எரிச்சல் இல்ல."

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"கண்ணை மூடிக்க கண்ணு," என்ற டீச்சர், ஒரு சட்டைப் பட்டனை எடுத்து அவளுடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தார். "என்ன வச்சிருக்கேன், சொல்லு."

ருக்குமணி கண்ணை மூடியபடியே காத்திருந்தாள்.

"வைங்க டீச்சர், சொல்றேன்."

பட்டன் நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் கண்ணைத் திறந்தாள். விரல்களைப் பார்த்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தைச்சுப் பொழைக்கிறவளுங்க நான்."

டீச்சர் அவள் உள்ளங்கையைத் திருப்பித் தணிகாசலத்திடம் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. தினமும் அவர் பிடித்த கைதான். அழுத்தும் இடத்தை விட்டு அவர் பார்வை இறங்கியதே இல்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"வலியைச் சொல்ற நரம்பே ஓஞ்சு போச்சுண்ணா," என்றார் டீச்சர். "அழாத கண்ணு. இன்னைக்கே டாக்டரைப் பார்ப்போம். கை பொழைச்சுக்கும்."

பிழைத்துக்கொண்டது. ஆபரேஷன் முடிந்து, காயம் ஆறி, லேசாக அழுத்தலாம் என்று டாக்டரே சொன்னபிறகு ருக்குமணி மறுபடி வந்து உட்கார்ந்தாள். தணிகாசலம் ஒதுங்கி நின்றார்.

"நீங்களே பாருங்க டீச்சர். என் கை வேண்டாம்."

"உங்க கைதான் வேணும். வாங்க."

தழும்பைத் தொடாமல், பூப்போல விரலை வைத்து அழுத்தினார்.

"ஸ்ஸ்... வலிக்குதுங்கண்ணா!"

நெருப்பைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார் தணிகாசலம். "ஐயோ அம்மிணி! டீச்சர், போன வலியைத் திரும்ப வரவச்சுட்டேனே!"

டீச்சர் அவர் கையைப் பிடித்து அதே இடத்தில் திரும்ப வைத்தார்.

"எடுக்காதீங்கண்ணா. இத்தனை நாளா நீங்க மட்டும்தான் பேசிட்டு இருந்தீங்க. இப்பத்தான் அந்த நரம்பு வாயைத் திறக்குது."