முள்ளங்கி விதைக் கஷாயம்

குவோவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருடைய குரு சூ லானுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வாழ்நாளெல்லாம் ஆற்றில் படகு ஓட்டியவர், தோள் தகராறு செய்ய ஆரம்பித்ததும் மூலிகை படிக்க வந்தார். தெரிந்தவரிடம்தானே படிக்க முடியும்.

ஒரு நாள் காலை, மருந்துக் கடையில் வேர் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"குருவே, உடம்புக்குப் பலம் ஏத்துற மருந்துலயே பெருசு எது? ஜின்செங் வேரா, மான் கொம்பா?"

"யாருக்கு?" என்றார் சூ லான்.

"பொதுவாத்தான் கேக்குறேன்."

"பொதுவான்னு ஒரு நோயாளி நம்ம கடைக்கு இன்னும் வரலையே."

குவோவுக்கு எரிச்சல். கேட்டால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. அந்தக் கோபத்தை வேர்மேல் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து, தெருவே திரண்டு பெங்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தது.

பெங் படித்துறைத் தெருவின் முதல் துடுப்புக்காரன். இரண்டு நாளில் படகுப் போட்டி. வருஷா வருஷம் அக்கரைக்காரர்களிடம் தோற்று, அக்கரைப் பொடியன்கள் அதைப் பாட்டாகவே கட்டிவிட்டார்கள். இந்த வருஷம் பெங் இருக்கிறான் என்றுதான் தெரு நெஞ்சை நிமிர்த்தியது. சுக்கான் பிடிப்பவர் குவோ. அவர் தோளுக்கு இதுதான் கடைசிப் போட்டி. ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டுக் கரையேற வேண்டும்.

பையன் முகம் சிவந்து கிடந்தது. வயிறு கல் மாதிரி. மூக்கோரம் ரத்தக் கறை.

பின்னாலேயே அவன் அம்மா ருய் மூச்சு வாங்க வந்தாள். "துடுப்பத் தூக்க முடியலங்கிறான், வைத்தியரம்மா. தூக்கமும் இல்ல. என்ன குடுத்தாலும் பலம் ஏற மாட்டேங்குது."

"என்ன குடுத்தீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தெரு முந்திக்கொண்டது.

"ஜின்செங் கஞ்சி, எங்க வீட்டுல."

"மான் கொம்பு போட்டுக் கோழி சூப்பு. நான் வச்சது."

"காலையில ஜின்செங் கஷாயம் நான்தான்."

"சாயங்காலம் நான்."

குவோவும் கொடுத்திருந்தார். கடையிலேயே நல்ல வேராகப் பொறுக்கி. அவர் மட்டும் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சூ லான் நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அதில் மஞ்சளாகப் படிந்திருந்தது.

"முள்ளங்கி விதைய வறுத்து, இடிச்சு, கஷாயம் வைங்க. கூட காஞ்ச ஆரஞ்சுத் தோல். சாப்பாடு வேண்டாம். பசின்னு கேட்டா நீர்க்கஞ்சி."

முள்ளங்கி ஜின்செங்கை முறித்துவிடும் என்பது அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஜின்செங் குடிக்கும் வீட்டில் முள்ளங்கியை வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

"ஊரே சேந்து ஏத்தினத ஒரு முள்ளங்கி வந்து எறக்கணுமா?" என்றார் சூப்புக்காரர். "இந்த வைத்தியத்த அக்கரைக்காரன் சொல்லி அனுப்பினானா?"

"குவோ அண்ணே, நீங்களாவது சொல்லுங்க" என்றார் கஞ்சிக்காரர்.

குவோ குருவைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். "இவங்க சொல்றது நியாயந்தான். பையனுக்கு இப்ப பலம் வேணும். இந்தத் தடவையும் தோத்தா நான் அந்தத் தெருவுல நடக்க முடியாது."

"படகு ஓட்டினவர்தானே நீங்க. எவ்வளவு துழாவியும் படகு நகரலன்னா மொதல்ல எங்க பாப்பீங்க?"

"உள்ள தண்ணி ஏறியிருக்கான்னு."

"ஏறியிருந்தா? இன்னும் நாலு ஆள ஏத்துவீங்களா?"

குவோ போய் விதையை வறுத்தார்.

"நாத்தம் தாங்கல, மாமா" என்றான் பெங்.

"குடிடா."

தெரு வாசலில் நின்று முறைத்தது. குவோ முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த கிண்ணத்தை ஊற்றினார். சாயங்காலம் பெங் விட்ட ஏப்பம் படித்துறை வரைக்கும் கேட்டது. அப்புறம் குப்புற விழுந்து தூங்கினான். மறுநாள் எழுந்து, பல நாளாக அவன் வாயில் வராத ஒரு வார்த்தையைச் சொன்னான். "பசிக்குது."

போட்டியைப் பற்றி என்ன சொல்ல. பாதி ஆறு வரை அக்கரைப் படகு ஒரு மூக்கு முன்னே. அங்கே பெங் துடுப்பை ஊன்றி ஒரு இழுப்பு இழுத்தான், பின்னாலிருந்த அத்தனை பேரும் அந்த இழுப்பில் சேர்ந்துகொண்டார்கள். குவோ கையில் சுக்கான் பாட்டுப் பாடியது. அக்கரைக்காரர்கள் பின்னால் போனார்கள், இன்னும் பின்னால் போனார்கள், அப்புறம் திரும்பிப் பார்த்தால் புள்ளியாகத் தெரிந்தார்கள். கரையில் முரசு கிழிந்தே போனது. தெருக்காரர்கள் அக்கரைப் பாட்டின் வார்த்தையை மாற்றி அக்கரையைப் பார்த்தே பாடினார்கள். குவோவைத் தோளில் தூக்கிக்கொண்டு, நேராக மருந்துக் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"பாத்தீங்களா," என்றார் சூப்புக்காரர், "கடைசியில நம்ம மான் கொம்பு வேலையக் காட்டிடுச்சு."

குவோவுக்குச் சுர்ரென்று ஏறியது. "குருவே, கேட்டீங்களா இத?"

"ஜெயிச்சிருக்காங்க. விடுங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ருய் வந்தாள். சிரிப்பு காது வரை இருந்தது. உதடு வெளுத்திருந்தது. வாசற்படி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்து நின்று மூச்சு விட்டாள். சிவப்புத் துணியில் ஒரு ஜின்செங் வேர் வைத்திருந்தாள்.

"அவனுக்குன்னு வச்சிருந்தேன், வைத்தியரம்மா. இனி வேண்டாம்னுட்டான். நீங்க எடுத்துக்கணும்."

சூ லான் ஒரு கையால் வேரை வாங்கினார். இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி நூல் மாதிரி மெலிந்து ஓடியது. பிறகு வேரை குவோவிடம் நீட்டினார்.

"காய்ச்சுங்க."

குவோ வேரைத் திருப்பிப் பார்த்தார். எத்தனை பெரியது, எந்த மலையில் வளர்ந்தது என்றெல்லாம் கேட்கவில்லை.

"யாருக்கு?" என்றார்.

சூ லான் முக்காலியை இழுத்துப் போட்டு ருய்யை உட்கார வைத்தார்.

"ஊரே அவன் கிண்ணத்தையே பாத்துச்சு. இவங்க கிண்ணத்துல என்ன இருந்துச்சுன்னு யாராவது பாத்தீங்களா?"