தலைவர் முன்னால் ஓடிய படம்

தடகளச் சங்கத் தலைவர் வைரவசாமிக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட மனுஷர் பன்னிரண்டு சுற்று ஓட்டப் பந்தயத்தில் தானும் இறங்குவேன் என்று நின்றார். படம் எடுக்க வந்த ஜெபராணியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஓடுறவன் அத்தனை பேருக்கும் முன்னால நான் ஓடுற மாதிரி படம் வேணும். கம்ப்யூட்டர்ல ஒட்டுற வேலை கூடாது. படம் வரலேன்னா இனிமே மைதானத்துக்குள்ள கேமராவோட கால் வைக்கக் கூடாது, கேட்டியா?"

"உள்ளதை உள்ளபடி எடுத்துத் தாரேன், ஐயா."

தூரத்தில் வருகிறவரையும் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் நீள லென்ஸோடு ஜெபராணி மைதானத்தின் கோடியில் போய் உட்கார்ந்தாள். துப்பாக்கி வெடித்தது, அவள் அசையவில்லை. தலைவர் பின்தங்கினார், அப்போதும் அசையவில்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்த பிறகுதான் படபடவென்று எடுத்துத் தள்ளினாள்.

படத்தில் தலைவர் முன்னால், வீரர்கள் அத்தனை பேரும் அவர் முதுகுக்குப் பின்னால்! அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பரிசளிப்பு மேடையில் அதையே பேனராகக் கட்டிவிட்டார்.

பரிசு கொடுக்க வந்த கலெக்டர் ஜெயித்தவனிடம் கேட்டார்: "தலைவர் உனக்கு முன்னால ஓடுறாரே, நீ எப்படிப்பா ஜெயிச்சே?"

அவன் பேனரை அண்ணாந்து பார்த்தான். "அது எங்களுக்குப் பன்னிரண்டாவது சுற்றுங்க சார். ஐயாவுக்கு மூணாவது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் ஜெபராணியை எரிக்கிற மாதிரி முறைத்தார்.

அதையும் அவள் உள்ளபடியே எடுத்தாள்.