மனு தராதவர்கள்

"நான் யாருக்காகப் பேசுவது, ஹஜ்ரத்?"

கேட்ட ஹயாத் பாஷாவுக்கு வயது ஐம்பத்தாறு. பள்ளிவாசல் ஹஜ்ரத் ஜியாவுதீன் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

பாஷா வாணியம்பாடியிலிருந்து பிழைக்க வந்தவர். பர்மாவின் துறைமுக ஊர் ஒன்றில் முதலில் தோல் சுமந்தார். இப்போது தோல் பதனிடும் ஆலை ஒன்றுக்கு முதலாளி. நகரசபையில் தமிழர்களுக்கென்று இருந்த ஒரே இடத்துக்கு அவரைப் போன வாரம்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"கோயில்காரர்கள் மனு தந்திருக்கிறார்கள். ஜமாஅத் தந்திருக்கிறது. கடைத்தெருக்காரர்கள் தனியாக ஒன்று. ஒருவர் கேட்பது இன்னொருவருக்கு ஆகாது."

"மனு தராதவர் யார்?" என்றார் ஹஜ்ரத்.

பாஷா யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

"தெரிந்துகொண்டு வாருங்கள்."

மூன்று நாள் தெருத்தெருவாக நடந்தார். நான்காம் நாள், தன் ஆலைக்குப் பின்னால் இருந்த கூலிக்காரர் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். அதுவரை அந்தப் பக்கம் அவர் போனதில்லை.

சவரியம்மாள் என்ற பெண் இரண்டு குடங்களோடு எதிரே வந்தாள். அவள் புருஷனுக்கு ஆலையில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வேலை.

"நீங்கள் மட்டும் ஏம்மா மனு தரவில்லை?"

"தமிழ் மெம்பர்கிட்டத்தான் குடுக்கணும்னாங்க, முதலாளி."

"நான்தானே அது?"

"அதனாலதாங்க குடுக்கல."

அவள் குடங்களை இறக்கிவிட்டுக் கிணற்றைக் காட்டினாள். தண்ணீர் பழுப்பாக இருந்தது. பத்தடி தள்ளி ஆலையின் கழிவு வாய்க்கால் ஓடியது.

"புள்ளைங்க மேலெல்லாம் புண்ணு. குடிக்கிற தண்ணிக்கு ரெண்டு மைல் நடக்கறோம். உங்களப் பத்தி உங்ககிட்டயே எப்படிங்க மனு குடுக்கறது?"

பாஷா ஒரு கை நீர் அள்ளி முகர்ந்தார். தொட்டிகளுக்கு நடுவே முப்பது வருடம் மூச்சுவிட்டவர். அது தன் ஆலையின் வாடை என்று உடனே தெரிந்தது.

நேரே ஹஜ்ரத்திடம் போனார்.

"நாளைக்கே அவர்களுக்கு வேறு கிணறு வெட்டித் தருகிறேன். சபை வரைக்கும் போக வேண்டியதில்லை."

"நல்லது. முதலாளி கிணறு வெட்டுவார். மெம்பர் என்ன செய்வார்?"

பாஷா எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"ஊரில் இன்னும் ஐந்து ஆலைகள் இருக்கின்றன, ஹஜ்ரத். அந்த முதலாளிகள்தான் எனக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர்கள். நான் வாயைத் திறந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அடுத்த முறை இந்த இடமும் எனக்கில்லை."

ஹஜ்ரத் தேநீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

சபை கூடியது. பாஷாவின் முதல் பேச்சைக் கேட்க ஐந்து முதலாளிகளும் வந்திருந்தார்கள். தோல் ஆலைக் கழிவு குடிநீர்க் கிணறுகளில் கலக்கிறது, அதைத் தடுக்க விதி வேண்டும் என்றார் பாஷா. முதலாளிகளில் இருவர் எழுந்து வெளியே போனார்கள்.

சபையின் பர்மியத் தலைவர் பேனாவைத் திறந்தார்.

"பொதுவாகச் சொன்னால் எப்படி? எந்த ஆலை, யாருடையது?"

"ஆறு ஆலைகள், ஐயா. முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."