கடலுக்கு நட்ட கழி

ஒரு ஊர்ல ஒரு கழி இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, வெறும் சவுக்குக் கழி. ஆளு உசரம் இருக்கும். அலை வந்து வந்து திரும்புற எடத்துல, இடுப்புல மஞ்சத் துணி கட்டிக்கிட்டு, தலையில வேப்பிலை சொருகிக்கிட்டு நிக்கும். காலை ஆட்டாத, கேளு. ம் கொட்டு.

ம்.

அந்த ஊரு பேரு ஓரக்குப்பம். கடல்லேருந்து மேக்கால ஒரே தெரு, தெருக் கடைசியில ஒரு மேடு. ரெண்டு பக்கமும் கீத்து வீடுங்க. கடல் பக்கம் மொத வீடு கெங்கம்மா வீடு. வீட்டு விட்டத்துல ஒரு தூளி. தூளிக்குள்ள ஒரு புள்ள, உன்ன மாதிரியே தூங்காத புள்ள. அவ புருசன் தூரக் கடலுக்குப் போற படகுல வேலைக்குப் போயிட்டான், போனா சீக்கிரம் திரும்ப மாட்டான். அதனால அவளும் புள்ளையும்தான் வீட்டுல.

அந்தக் குப்பத்துல ஒரு வழக்கம். வருசா வருசம் மாசி மகத்தன்னைக்கு அலை எது வரைக்கும் வருதோ, அங்க புதுசா ஒரு கழி நடுவாங்க. நாட்டாரு எட்டியப்பன் கைகூப்பி, "தாயே, இதான் உன் எல்லை, இதத் தாண்டாத"ன்னு சொல்லுவாரு. நாட்டாருன்னா ஊருக்குப் பெரியவரு, அவரு வச்சதுதான் சட்டம். அப்புறம் மொத வீட்டுப் பொம்பளை பழைய கழியப் புடுங்கி அடுப்புல வச்சு, அந்த நெருப்புலயே பொங்கல் வைப்பா. அது கெங்கம்மாவோட உரிமை. கழி எரியும் சட சடன்னு. பொங்கல் பொங்கும் தள தளன்னு. எல்லாரும் சாப்ட்டுட்டு, "பாத்தியா, கடல் இந்த வருசமும் கழியத் தாண்டல"ம்பாங்க.

சிரிக்கிறியே, உனக்குப் புரிஞ்சுபோச்சு. அவங்களுக்குப் புரியலடா.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்துச்சு. கடலுக்குப் பயந்து தனியா ஒரு வீட்டப் பிரிச்சுக்கிட்டு மேட்டுக்குப் போகக் கூடாது. போனா அந்த வீட்டுக்கு வலையில பங்கு கெடையாது, மீனு கெடையாது. போனா எல்லாரும் சேந்துதான் போகணும்.

அப்போ ஒரு நாளு, ஆலான்னு ஒரு கடல் பறவை, எங்கேருந்தோ வந்து கழி மேல ஒக்காந்துச்சு. கிறீச், கிறீச். கெங்கம்மா துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா.

"கெங்கம்மா, கெங்கம்மா, என் ஊரு உருகுது."

"உருகுதா? எந்த ஊரு உன்னுது?"

"பூமியோட உச்சி. எல்லாம் ஐஸு. கடல் மேல மெதக்குற ஐஸு, மலை மேல ஒக்காந்திருக்குற ஐஸு. ரெண்டும் சொட்டுது. சொட்டுன தண்ணி இங்கதான் வருது. புள்ளையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போ."

சொல்லிட்டுப் பட படன்னு பறந்துடுச்சு. கெங்கம்மாவுக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. தூளிய ஆட்டுறா, எட்டிக் கடலப் பாக்குறா. மறுபடி ஆட்டுறா, மறுபடி பாக்குறா.

மறுநாளு ஊரக் கூட்டிச் சொன்னா, எல்லாருமா மேட்டுக்குப் போயிடலாம்னு. அம்மாடி! ஒரே கூச்சல்.

"இன்னாம்மே, குருவி பேச்சக் கேட்டு வீட்டப் பிரிக்கச் சொல்றியா?"

"நாம மேட்டுக்குப் போனா, கரையில எவனாவது வேலி போட்டு ஓட்டல் கட்டுவான். அப்புறம் படக எங்க நிறுத்துவ, உன் தலையிலயா?" இது நாட்டாரு.

அந்தக் கூட்டத்துல கோதண்டம்னு ஒருத்தரு. மீனு கெடாம இருக்க ஐஸு ஒடச்சு விக்கிறவரு. அவரு சிரிச்சாரு. "ஐஸப் பத்தி என்கிட்டயா? ஒரு சொம்பு கொண்டாங்க."

சொம்பு நெறைய தண்ணி. அதுல ஒரு ஐஸுக் கட்டிய மெதக்கவிட்டாரு, தண்ணி விளிம்பத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. கட்டி கரைஞ்சுச்சு, கரைஞ்சுச்சு, காணாமப் போச்சு. ஒரு சொட்டு வழியல!

"பாத்துக்கோ! ஐஸு உருகுனா தண்ணி ஏறாது." ஹோன்னு ஒரே கைதட்டு.

கெங்கம்மாவுக்கு முகம் சின்னதாப் போச்சு. அப்புறம் ஆலா சொன்னது நெனப்பு வந்துச்சு. "அண்ணே, அது மெதக்குற ஐஸு. மலை மேல ஒக்காந்திருக்குற ஐஸு?" அவ வீட்டு அம்மியக் கொண்டாந்து சாய்ச்சு வச்சு, அது மேல ஒரு கட்டிய வச்சு, கீழ அதே நெறை சொம்ப வச்சா. சொட்டு. சொட்டு. சொட்டு. சொம்பு வழிஞ்சு மண்ணு நனைஞ்சுச்சு.

எல்லாரும் குனிஞ்சு அந்த ஈர மண்ணப் பாத்தாங்க. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

சரி. கோதண்டம் விடுவாரா? "அட, சொம்பு சின்னது. கடல் எம்மாம் பெருசு! அதுல ஊசி முனை ஏறுமா?"ன்னாரு. ஒருத்தன், "ஐஸுமில்ல கிய்ஸுமில்ல, வடக்கால தொறமுகம் கட்டக் கடல்ல கல்லு கொட்டுனாங்களே, அதான் நம்ம மண்ண இழுக்குது"ன்னான். ஒரு அம்மா, "கடலம்மாவுக்குக் கூழ் ஊத்தல, அந்தக் கோவம்"னா. ஒருத்தரு பேச்ச ஒருத்தரு கேக்கல. நாயெல்லாம் கொலைக்குது லொள் லொள்னு. நாட்டாரு எந்திரிச்சு, "அட நிறுத்துங்க! கடல் கழியத் தாண்டிச்சா?"ன்னாரு.

"இல்ல."

"அப்புறம் இன்னா? போங்க வூட்டுக்கு."

மாசி மகம் வந்துச்சு. புதுக் கழி நட்டாங்க. பழசப் புடுங்கணும். கெங்கம்மா அதுல கை வச்சா. வச்ச கைய எடுத்துட்டா.

"நான் புடுங்க மாட்டேன். இது இங்கயே நிக்கட்டும், அலை தாண்டுதான்னு பாப்போம். பொங்கலுக்கு வேற வெறகு எடுத்துக்கறேன்."

"பழைய கழி நின்னா ஊருக்கு ஆகாது!"

கோதண்டம்தான் குறுக்க வந்தாரு. "நிக்கட்டும் நாட்டாரே. அடுத்த வருசம் ரெண்டும் அப்படியே நிக்கும், அப்போ இந்தம்மா வாய் மூடும்." போட்டின்னா அவருக்குச் சக்கரப் பொங்கல்.

அடுத்த மாசி மகத்துக்கு ஊரே எறங்கி வந்து பாத்தா, பழைய கழி முழங்கால் தண்ணியில நிக்குது! அதுக்கப்புறம் நட்ட கழிய அலை தொட்டுத் தொட்டு வெளையாடுது. மூணாவதா ஒண்ணு நட, கெங்கம்மா வீட்டு வாசல்லதான் எடம் இருந்துச்சு.

"கழி நடந்து போயிருக்கும்"ன்னு ஒருத்தன் சொன்னான், ஒருத்தரும் சிரிக்கல. கோதண்டம் தாடியச் சொறிஞ்சாரு. அம்மாங் கழியையும் எரிச்சுப் பொங்கல் தின்னுட்டோமேன்னு எல்லாரும் கெங்கம்மா அடுப்பப் பாத்தாங்க.

"இப்போவாச்சும் போலாமா?" கெங்கம்மா கேட்டா.

போனாங்களா? போகல. எதனால கடல் ஏறுதுன்னு மொதல்ல முடிவாகட்டும், அப்புறம் போலாம்னாரு நாட்டாரு. கல்லாலன்னா கேஸு போடலாம். கடலம்மான்னா கெடா வெட்டலாம். ஐஸுன்னா... ஐஸுன்னா யாரப் போய்க் கேக்குறது? அதனாலயே ஐஸா இருக்கக் கூடாதுன்னு பாதிப் பேருக்கு ஆசை. பேசுனாங்க, பேசுனாங்க, அடுத்த மகம் வரைக்கும் பேசுனாங்க. மொதக் கழியோட தலை மட்டும் தண்ணிக்கு மேல தெரிஞ்சுச்சு.

அந்த மகத்தன்னைக்குக் காலையில, நாட்டாரு புதுக் கழியத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தாரு. கூட்டம் கெங்கம்மா வாசல்ல நின்னு கத்திக்கிட்டே இருக்கு. கல்லு! கோவம்! ஐஸு! அப்போ ஒரு அலை வந்துச்சு. சளப். வாசலத் தாண்டி, அடுப்ப அணைச்சு, உஸ்ஸ்ஸ்னு உள்ள போயி, தூளிக்குக் கீழ நின்னுச்சு. தூளித் துணியோட நுனி நனைஞ்சுச்சு. புள்ள வீல்னு கத்துச்சு.

கெங்கம்மா ஓடிப்போயி தூளிய அவுத்தா. புள்ளைய முதுகுல கட்டுனா. அப்புறம் வீட்டு மூங்கிலப் புடிச்சு ஆட்டி ஆட்டிப் புடுங்குனா. கீத்து தொப்புனு விழுந்துச்சு.

"ஏம்மே! தனியாப் போனா பங்கு கெடையாது, தெரியுமில்ல?" நாட்டாரு கத்துனாரு.

"தெரியும் மாமா. மீனு இல்லன்னா கூலிக்குப் போவேன். புள்ள இல்லன்னா எங்க போவேன்?"

மூங்கிலத் தோள்ல வச்சா. திரும்பிப் பாக்காம மேட்டப் பாத்து நடந்தா. பின்னால ஒரு சத்தமும் இல்ல. பங்கு போச்சு, ஊரு போச்சுன்னு நெனச்சா.

அப்போ பின்னால சர்ருனு ஒரு சத்தம். கீத்துப் பிரிக்கிற சத்தம். கோதண்டம்! ஐஸுப் பொட்டியத் தலையில தூக்கிக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு வராரு. "நான் ஒண்ணும் ஒத்துக்கல ஆமா. எங்க வூட்டு ஓரம் ஓதம் அடிச்சு ஒரே ஈரம், அதான் வரேன்."

அவருக்குப் பின்னால கல்லுன்னு சொன்னவன். அவனுக்குப் பின்னால கோவம்னு சொன்ன அம்மா, கையில கோழியோட. எல்லாம் சண்டை போட்டுக்கிட்டேதான் வராங்க. வாய் ஒத்துக்கல, காலு மட்டும் ஒத்துக்கிச்சு.

மேட்டுக்கு வந்து மூங்கில எறக்கி வச்சுட்டு கெங்கம்மா திரும்பிப் பாத்தா. எல்லாரும் வீட்டப் பிரிச்சுக்கிட்டு வந்துட்டாங்க, கீழ தெருவே இல்ல. தனியா ஒரே ஒரு ஆளு. நாட்டாரு.

கழிய மண்ணுல ஊணுனாரு. அலை வந்துச்சு, ஒரு அடி பின்னால வந்தாரு. மறுபடி ஊணுனாரு. மறுபடி அலை, மறுபடி பின்னால. மூணாவது தடவ, "தாயே, இதான் உன் எல்..."ன்னு ஆரம்பிச்சாரு. அலை காலச் சுத்திக்கிச்சு. சொல்லி முடிக்கல.

கிறீச்சுனு ஆலா அவரு தலைக்கு மேல ஒரு சுத்து சுத்துச்சு. ஒக்காரக் கழி தேடுதோ என்னமோ.

நாட்டாரு கழியப் பாத்தாரு. கடலப் பாத்தாரு. அப்புறம் கழியத் தோள்ல போட்டுக்கிட்டு, ஈர வேட்டியோட, மேட்டப் பாத்து நடந்தாரு.

அந்தக் கழிய எங்க நட்டாங்கன்னு கேக்குறியா? காலையில கேளு. கதை கரையேறிடுச்சு, உன் கண்ணும் ஏறட்டும். தூங்கு.