இரண்டு பொட்டலம்

"அம்மா, இதுல ஒண்ணை நீங்க எடுத்துக் குடுங்க."

தேன்மொழி, பூ வைத்து மடித்த இரண்டு காகிதப் பொட்டலங்களை நீட்டினாள்.

மடத்துப் பெரியவர் செங்கமலத்தம்மாள் எடுக்கவில்லை. அந்த மடத்தில், குறையோடு வருகிறவர்களுக்கு முதலில் வேலைதான் கிடைக்கும். ஒரு கீரைக்கட்டை அவள் பக்கம் தள்ளினார்.

ஆய்ந்துகொண்டே சொன்னாள். மகள் ஆதிரைக்கு ஆறு வயது. மூளையில், கண் நரம்பை ஒட்டிக் கட்டி. அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பகுதியை எடுத்துவிடலாம், பார்வை போகலாம். மருந்து ஏற்றினால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். கட்டி சுருங்கலாம், சுருங்காமலும் போகலாம். இரண்டும் சரியான வழிதான், திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்றாராம் டாக்டர்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார் அம்மாள்.

மஸ்கட்டில் இருக்கும் கணவன், உனக்குச் சரியென்று பட்டதைச் செய் என்றானாம். என்ன பெருந்தன்மை! மாமியார் மொட்டைக்கு வேண்டிக்கொண்டார். கொழுந்தன் ஏழு வீடியோ அனுப்பினான். ஒன்றையும் அவன் பார்த்திருக்கவில்லை.

"பூ என்ன கணக்கு?"

"வெள்ளை வந்தா ஆபரேஷன். சிவப்பு வந்தா மருந்து. எட்டு வருஷமா உங்ககிட்ட வரேன். நீங்க எடுத்தா சாமி எடுத்த மாதிரி."

அம்மாள் ஒன்றைப் பிரித்தார். சிவப்பு அரளி.

மற்றதையும் பிரித்தார். அதிலும் சிவப்பு.

"யாருடி மடிச்சது?"

"நான்தான்."

"அப்புறம் சாமி எதுக்கு?"

தேன்மொழி கீரைத்தண்டை முறத்தில் போட்டுக்கொண்டு, இலையைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாள் அதைப் பார்த்தார்.

"மருந்துன்னு ஏன் முடிவு பண்ணினே?"

"கண்ணு இருக்கும்போதே ஒரு முயற்சி பண்ணிடலாம்னு. சுருங்கலேன்னா அப்புறம் ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டரே சொன்னார்."

"யோசிச்சுத்தானே சொல்றே."

"தப்பாப் போச்சுன்னா? நான் ஒருத்தியா எப்படிம்மா தாங்குவேன்?"

"இதையெல்லாம் யார்கிட்டேயாவது சொன்னியா?"

"எல்லாரும் என்ன முடிவு பண்ணினேன்னுதான் கேக்கறாங்க. ஏன்னு யாரும் கேக்கலே."

அம்மாள் எழுந்து, மடியில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டார். சமையல்கட்டைப் பார்த்து, திங்கட்கிழமை தனக்கு உலை வைக்க வேண்டாம் என்றார்.

பதினோரு வருஷமாக மடத்து வாசலைத் தாண்டாதவர்.

"ஆஸ்பத்திரிக்குக் காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு?"